அரிதான ஹார்டுவேர் சிந்தசைசர்கள்: தொடர்ந்து கிடைக்குமா, பழுதானால் யார் பார்ப்பார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக் கருவிகளை) வாங்க நினைப்பவர்களும், வாங்கிவிட்டுக் கவலைப்படுபவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

எதை அரிதான சிந்தசைசர் என்கிறீர்கள்? பெரிய கம்பெனி தயாரிப்பாக இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்தானே?

ஓரிருவரோ பத்துப் பதினைந்து பேரோ நடத்தும் நிறுவனம், ஒரு நேரத்தில் சில நூறு கருவிகள் என்று தொகுதி தொகுதியாகத் தயாரித்து விற்பதைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்துப் பேசுகிறேன். ஆனால் நிறுவனத்தின் அளவு மட்டும் எதையும் உறுதிசெய்வதில்லை. அலெசிஸ் பெரிய நிறுவனம்தான். 2000-களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட ஆண்ட்ரோமெடா ஏ6, 16 குரல்கள் கொண்ட (ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள் ஒலிக்கும்) அனலாக் சிந்தசைசர், அதாவது ஒலியை எண்களால் அல்லாமல் மின்சுற்றுகளால் நேரடியாக உருவாக்குவது. அதன் ஒலிச் சுற்றுகள் அந்தக் கருவிக்கென்றே வடிவமைக்கப்பட்ட சிப்களில் இருக்கின்றன. உற்பத்தி நின்றபின் அந்தச் சிப் வேண்டுமென்றால் இன்னொரு ஆண்ட்ரோமெடாவைத்தான் கழற்ற வேண்டும்.

ஆகவே "யார் செய்தார்கள்" என்பதோடு "எதைக் கொண்டு செய்தார்கள்" என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். கீழே வரும் பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

மாதக்கணக்கில் "ஸ்டாக் இல்லை" என்றே போட்டிருக்கிறார்கள். உற்பத்தியை நிறுத்திவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. தொகுதியாகத் தயாரிப்பவர்கள் ஒரு தொகுதியை விற்று முடித்த பிறகுதான் அடுத்ததற்குரிய பாகங்களை வாங்குவார்கள். போர்டு, உலோகப் பெட்டி, குமிழ், திரை என எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச ஆர்டர் அளவு உண்டு. அவற்றில் ஏதேனும் ஒன்று தாமதமானாலும் மொத்தத் தொகுதியும் நின்றுவிடும், ஒரு திரை இல்லாமல் மீதி எல்லாவற்றையும் பூட்டி அனுப்ப முடியாதல்லவா.

பாகத் தட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோக்காவில் நடந்த தீ விபத்து நல்ல எடுத்துக்காட்டு. ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை அங்கே எரிந்தது. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் அவர்களுடைய சிப்களை நம்பியிருந்த ஆடியோ நிறுவனங்கள் பல, வேறு நிறுவனத்தின் சிப்புக்கு ஏற்பத் தங்கள் போர்டுகளைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. அதோடு உலகளாவிய சிப் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டதால், அந்தக் காலத்தில் "ஸ்டாக் இல்லை" என்று நின்ற கருவிகள் எல்லாம் செத்துப்போன கருவிகள் அல்ல.

உண்மையில் நிறுத்தப்பட்டதை வேறு அறிகுறிகள் காட்டும். தயாரிப்புப் பக்கத்திலிருந்து பழைய கருவிகளின் பட்டியலுக்கு அது நகர்த்தப்பட்டிருக்கும். கடைகள் காட்சிக்கு வைத்திருந்ததைத் தள்ளுபடியில் தள்ளிவிடும். கருவிக்குள் இயங்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் வெளியீடு நின்று நெடுநாள் ஆகியிருக்கும். உதிரி பாகப் பட்டியல் மெல்லச் சுருங்கும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் சந்தேகப்படலாம். அதற்கு முன்பாக, "அடுத்த தொகுதி திட்டத்தில் இருக்கிறதா" என்று நிறுவனத்துக்கே நேரடியாக ஒரு வரி எழுதிக் கேட்பது நல்லது. சிறு நிறுவனங்கள் இந்தக் கேள்விக்குப் பொதுவாக ஒளிவுமறைவின்றிப் பதில் தருகின்றன.

முன்பதிவுக்கு முழுப் பணமும் கேட்கிறார்கள். கட்டலாமா?

உங்கள் பணத்தைக் கொண்டுதான் பாகங்கள் வாங்கப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். அது தவறான வழக்கமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் வாடிக்கையாளராக மட்டுமின்றிக் கடன் கொடுத்தவராகவும் ஆகிறீர்கள். நான் மூன்றைப் பார்ப்பேன். இயங்கும் மாதிரிக் கருவியைக் கையால் வாசித்துக் காட்டியிருக்கிறார்களா, அல்லது கணினியில் வரைந்த படம் மட்டும்தானா? இதற்கு முன் ஏதேனும் ஒரு கருவியைச் சொன்னபடி அனுப்பியிருக்கிறார்களா? தாமதமானால் பணத்தைத் திருப்பித் தரும் விதி எழுத்தில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் இரண்டாவது தொகுதி வரும்வரை பொறுத்திருங்கள். முதல் தொகுதியில் வெளிப்படும் குறைகள் அதற்குள் திருத்தப்பட்டிருக்கும் என்பது கூடுதல் ஆதாயம். "குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு" என்ற அவசரப்படுத்தலை நான் பொருட்படுத்துவதில்லை.

கம்பெனியை மூடிவிட்டால் என் கருவி என்ன ஆகும்?

மறுநாள் காலையிலும் வழக்கம்போல ஒலிக்கும். ஹார்டுவேர் சிந்தசைசர் இயங்குவதற்கு அதைச் செய்த நிறுவனம் உயிரோடிருக்க வேண்டியதில்லை. நின்றுபோவது நான்கு: உத்தரவாதம், உதிரி பாகம், ஃபர்ம்வேர் திருத்தம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள். இந்த நான்கில் எதற்கெல்லாம் மாற்று வழி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிலை அமையும்.

இத்துறையில் மூடுவதும் கைமாறுவதும் புதிதல்ல. ப்ராஃபெட்-5 செய்த சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் 1987-இல் யமஹாவின் கைக்குப் போய் முடிந்தது. ஜெர்மனியின் வால்டோர்ஃப் 2004-இல் நொடித்து, 2006-இல் புதிய நிறுவனமாக எழுந்தது. மோக் நிறுவனத்தை 2023-இல் இன்மியூசிக் வாங்கியது. சிந்தசைசர் மாட்யூல்கள் (ஒன்றோடொன்று இணைக்கும் தனித்தனிப் பகுதிகள்) செய்த மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கடன்பட்டு மூழ்கவில்லை. அதை நடத்திய எமிலி ஜில்லே தாமாகவே முடிவெடுத்து 2022-இல் நிறுத்தினார். நொடித்துப்போன நிறுவனமும் ஒழுங்காகக் கடையைக் கட்டிய நிறுவனமும் ஒன்றல்ல. முன்னதில் உதிரி பாகங்களும் ஆவணங்களும் கடன்காரர்களிடம் சிக்கிக்கொள்ளலாம். பின்னதில் அவற்றை முறையாக விட்டுச் செல்ல அவகாசம் கிடைக்கிறது.

அதே பெயரில் கம்பெனி மறுபடி வந்துவிட்டது. பழைய கருவிக்கும் அவர்கள் சர்வீஸ் செய்ய வேண்டும்தானே?

செய்ய வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பெயரை வாங்குவது வேறு, பழைய கடமைகளை ஏற்பது வேறு. சீக்வென்ஷியல் என்ற பெயரை 2015-இல் யமஹா அதன் நிறுவனர் டேவ் ஸ்மித்திடமே திருப்பித் தந்தது. 2020-இல் ப்ராஃபெட்-5 புதிய வடிவில் மீண்டும் வந்தது. அதனால் 1980-இல் செய்த ப்ராஃபெட்டுக்குரிய பாகங்கள் கிடங்கில் முளைத்துவிடவில்லை. பழைய கருவிகளைப் பார்ப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் தனிப்பட்ட சர்வீஸ் வல்லுநர்கள்தாம்.

மீண்டு வருவதில் மறைமுகமான நன்மை ஒன்று உண்டு. புதிய பதிப்பு தயாராகிறது என்றால் அதற்குரிய சிப்கள் மீண்டும் எங்கோ வார்க்கப்படுகின்றன என்று பொருள்.

எந்தப் பாகம் போனால் கருவியை மீட்கவே முடியாது?

ஒரு சிந்தசைசரின் உள்ளே இருப்பவற்றை நான் மூன்று அடுக்காகப் பார்ப்பேன். முதல் அடுக்கு, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைப்பவை: கெபாசிட்டர், ரெசிஸ்டர், பொதுவான ஆப்-ஆம்ப் சிப், மின்வழங்கிப் பாகங்கள், ஜாக்குகள். பழைய கருவிகளின் கோளாறுகளில் கணிசமானவை இந்த அடுக்கில்தான் வருகின்றன. அதனால் "பாகம் கிடைக்காது" என்று பயந்து மூலையில் போட்ட பல கருவிகள் ஒரு பிற்பகல் வேலையில் எழுந்துவிடுகின்றன.

இரண்டாம் அடுக்கு, சிந்தசைசர் உலகுக்கென்றே செய்யப்பட்டாலும் பலரும் பயன்படுத்திய சிப்கள். ஒலியின் மூல அலையை உருவாக்கும் ஆசிலேட்டருக்கான சிஇஎம்3340 இதற்கு முதன்மையான சான்று. மூன்றாம் பதிப்பு ப்ராஃபெட்-5, மெமரிமோக், ரோலண்டின் எஸ்ஹெச்-101 எனப் பல நிறுவனங்களின் கருவிகள் அதை நம்பியிருந்தன. அது உற்பத்தியில் இல்லாத ஆண்டுகளில் பழைய கருவிகளிலிருந்து உருவி எடுத்துத்தான் விற்றார்கள். தேவை பலரிடம் இருந்ததால் அதற்கு நிகரான சிப்களை வேறு நிறுவனங்கள் செய்யத் தொடங்கின. 2016-இல், அதை முதலில் செய்த கர்டிஸ் நிறுவனமே மீண்டும் வெளியிட்டது. பலருக்கும் தேவைப்படும் பாகத்தைச் சந்தை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

மூன்றாம் அடுக்குதான் ஆபத்தானது: அந்த ஒரு கருவிக்கென்றே வார்த்த சிப், அந்தக் கருவிக்கென்றே வெட்டிய திரை, அச்சிட்ட குமிழ், வளைத்த பெட்டி. விசைப்பலகை அவ்வளவு கவலைக்குரியதல்ல. இத்தாலியின் ஃபதார் போன்ற பொதுத் தயாரிப்பாளரின் விசைத்தொகுதியைப் பொருத்தியிருந்தால் விசைகளும் தொடு ரப்பர்களும் தேடினால் கிடைக்கும். திரைதான் பலரும் மறக்கும் பாகம். அளவும் இணைப்பும் பொதுவானவையாக இருந்தால் மாற்று வாங்கிப் பொருத்தலாம்; தனிவடிவத் திரை என்றால் நிறுவனத்தின் இருப்பு தீர்ந்ததோடு சரி.

ஜூனோ-106 மாதிரி கருவியில் சிப் போனாலும் சரிசெய்கிறார்களே, அதுவும் தனிச் சிப்தானே?

நல்ல கேள்வி, மேலே சொன்ன மூன்று அடுக்குக்கு இதுதான் விதிவிலக்கு. 1984-இல் வந்த ரோலண்டின் ஜூனோ-106-இல் 80017ஏ என்ற சிறு தொகுதி குரலுக்கு ஒன்றாக ஆறு இருக்கிறது. ஒலியின் தன்மையை வடிகட்டி மாற்றும் ஃபில்டரும் ஒலியளவுக் கட்டுப்பாடும் அதற்குள் அடக்கம். அதன்மேல் கறுப்புப் பிசின் பூசியிருப்பார்கள். ஆண்டுகள் போகப்போக அந்தப் பிசினே மின்னைக் கசியவிடத் தொடங்கும். விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சென்றால் ஐந்து ஸ்வரங்கள் சுத்தமாக ஒலித்து, ஆறாவது மட்டும் கரகரக்கும் அல்லது வராமலே போகும். ஒரு குரலின் தொகுதி போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உருவாயின. தொகுதியைக் கழற்றி அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரித்து மீண்டும் பொருத்துவது ஒன்று. சாதாரணப் பாகங்களைக் கொண்டு அதே அளவில் செய்த மாற்றுத் தொகுதியைப் போடுவது மற்றொன்று. இரண்டுமே ரோலண்டின் உதவியில்லாமல் நடந்தவை. ஆனால் இதை எல்லாக் கருவிக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஜூனோ-106 ஏராளமாக விற்ற கருவி. மாற்றுத் தொகுதி செய்தவருக்கு வாங்க ஆள் இருந்தது. முன்னூறு பேரிடம் மட்டும் இருக்கும் கருவிக்கு அப்படியொரு மாற்றை வடிவமைக்க யாருக்கும் வணிகக் காரணம் இருக்காது. அரிதாக இருப்பதன் உண்மையான விலை இதுதான்.

அதிகம் வாசிப்பதில்லை, உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தேயாமல் நீண்ட நாள் வரும்தானே?

உறைக்குள் இருந்தாலும் பேட்டரி வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸில், ஒலியமைப்புகளை நினைவில் வைக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி கேஎல்எம்-367 என்ற கட்டுப்பாட்டு போர்டின் மீதே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது கசிந்தால் காரம் அருகிலுள்ள செப்புத் தடங்களில் ஏறி, பச்சை படிந்து, தடங்களை அறுத்துவிடும். பத்திரமாக மூடி வைத்த பாலிசிக்ஸ்கள் பல இப்படித்தான் பழுதாயின.

யமஹா டிஎக்ஸ்7 போன்றவற்றில் இருக்கும் சிஆர்2032 லித்தியம் பேட்டரியில் அந்த அளவுக்குக் கசிவு ஆபத்து இல்லை. ஆனால் அது தீர்ந்தால் சேமித்த ஒலியமைப்புகள் போய்விடும். உங்கள் கருவியில் எந்த வகைப் பேட்டரி, எங்கே இருக்கிறது என்பதை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒலியமைப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். சும்மா வைத்திருக்கும் கருவியை அவ்வப்போது மின்னிணைத்துச் சற்று நேரம் இயக்குவதும், குமிழ்களையும் ஸ்லைடர்களையும் முழுத் தூரம் நகர்த்துவதும் நல்லது.

ஃபர்ம்வேர் அப்டேட் நின்றுவிட்டது. இனி அந்தக் கருவி பயனற்றதா?

நிறைவாக இயங்கும் பதிப்போடு நின்றிருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. 1983-இன் கருவிகள் எந்த அப்டேட்டும் இல்லாமல் இன்றும் மேடையில் இருக்கின்றன. சிக்கல் வருவது கணினியோடு பிணைந்த இடங்களில். 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் 32-பிட் செயலிகளை அறவே கைவிட்டபோது, கருவியின் ஒலியமைப்புகளைக் கணினியிலிருந்து திருத்தும், புதுப்பிக்க ஆளில்லாத எடிட்டர் மென்பொருள்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. கருவிகளில் எந்தக் கோளாறும் இல்லை.

ஆகவே வாங்கும்முன் கேட்க வேண்டியது இது: கணினி இல்லாமலே எல்லா வசதிகளையும் கருவியின் முகப்பிலிருந்து இயக்க முடியுமா? யூஎஸ்பி இணைப்பு தனி டிரைவர் இல்லாமல் இயங்குமா? ஃபர்ம்வேரை ஏற்ற நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வேண்டுமா, அல்லது கையில் உள்ள கோப்பு போதுமா? கடைசிக் கேள்விக்குச் சர்வர் என்று பதில் வந்தால், நிறுவனம் மூடினாலும் கருவி வழக்கம்போல ஒலிக்கும் என்று மேலே சொன்னது முழுமையாகப் பொருந்தாது. எப்படியிருந்தாலும் கடைசி ஃபர்ம்வேர், அதற்கு முந்தைய பதிப்பு, கையேடு, எடிட்டர் ஆகியவற்றை இன்றே இறக்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் தளம் அணைந்த பிறகு தேடுவது வீண் அலைச்சல்.

ஒலியமைப்புகளைக் காப்பது எப்படி? அதற்கும் கம்பெனியின் மென்பொருள் வேண்டுமே?

மிடி (இசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் பொதுவான இணைப்பு முறை) வழியாக, அந்தந்தக் கருவிக்குரிய சிஸ்எக்ஸ் தரவாக ஒலியமைப்புகளை அனுப்பும் வசதி கருவியில் இருந்தால் வேண்டியதில்லை. அதைப் பிடித்துக் கோப்பாகச் சேமிக்கும் பொதுவான இலவச மென்பொருள்கள் எல்லா இயங்குதளங்களுக்கும் உண்டு. டிஎக்ஸ்7-இன் 32 ஒலியமைப்புகளும் மொத்தம் 4,104 பைட்டுகள்தான். மிடியின் வேகத்தில் ஒன்றரை வினாடிக்குள் வந்துவிடும். சேமித்ததோடு நிறுத்தாமல், ஒருமுறை கருவிக்கே திருப்பி அனுப்பிச் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏற்றிப் பார்க்காத காப்புப் பிரதியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

திறந்த வடிவமைப்பு என்கிறார்களே, அப்படி இருந்தால் பிரச்சினையே இல்லையா?

பிரச்சினை பெருமளவு குறையும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் தன் மாட்யூல்களின் சர்க்யூட் வரைபடங்களையும் ஃபர்ம்வேர் மூல நிரலையும் பொதுவில் வைத்திருந்தது. நிறுவனம் நின்ற பிறகும் பிளெய்ட்ஸ், ரிங்ஸ் போன்ற மாட்யூல்களின் பிரதிகளை மற்றவர்கள் செய்து வருகிறார்கள். பழுதான மூலக் கருவியைப் பார்ப்பவருக்கு வரைபடம் கையில் இருக்கிறது.

வரைபடம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் குறிப்பிட்ட சிப் கிடைக்காமல் போகலாம். மேற்பரப்பில் பற்றவைத்த நுண்ணிய பாகங்களை மாற்றக் கைப்பழக்கமும் கருவிகளும் உள்ள ஆள் வேண்டும். ஆனாலும் வரைபடம் தர மறுக்கும் நிறுவனத்தின் கருவியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். வாங்கும்முன்பே "உத்தரவாதக் காலம் முடிந்தபின் வரைபடம் தருவீர்களா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி இருக்கிறது, ஆனால் கடிதம் எழுதினால் பதிலே வருவதில்லை. என்ன செய்வது?

வடிவமைப்பவரும் பொட்டலம் கட்டுபவரும் பதில் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். "வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் அது வரிசையின் அடிக்குப் போகும். தொடர் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்த அடாப்டர், எதைச் செய்யும்போது என்ன நடக்கிறது, நீங்கள் ஏற்கெனவே எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் என்பவற்றைப் பத்து வரிக்குள் எழுதி ஒரு சிறு காணொளியை இணைத்தால் பதில் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். கடையில் வாங்கியிருந்தால் உத்தரவாதக் காலத்தில் முதலில் கடையையே கேளுங்கள். விற்றவருக்கு உள்ள பொறுப்பைச் சட்டம் பல நாடுகளில் தனியாக வரையறுத்திருக்கிறது.

அனுப்பும்முன் அடாப்டரை ஒருமுறை பாருங்கள். சில கருவிகளுக்கு மாறுதிசை மின்னோட்டம் தரும் அடாப்டர் வேண்டும், சிலவற்றுக்கு நேர்திசை. செருகி ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். "கருவி செத்துவிட்டது" என்று வரும் புகார்களில் சில இங்கேயே முடிந்துவிடும், சில இங்கேதான் தொடங்கியிருக்கும்.

ஒரே கருவியை இரண்டாக வாங்கி ஒன்றை உதிரிக்கு வைத்துக்கொண்டால்?

மேடையில் அதையே நம்பிப் பிழைப்பவருக்குச் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை. வடிவமைப்பில் பலவீனமான பாகம் எதுவோ அதுவே இரண்டிலும் மூப்படையும்; இன்று ஒன்றிலிருந்து எடுத்துப் போடும் பாகத்துக்கும் மற்றதன் வயதே. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, நிறுவனம் இருக்கும்போதே திரை, ஓரிரண்டு என்கோடர் (சுழற்றும் கட்டுப்பாட்டுப் பாகம்), சில குமிழ்கள், ஒரு அடாப்டர் ஆகியவற்றை உதிரியாக வாங்கி வைப்பது மேல். மூன்றாம் அடுக்குப் பாகங்கள் நிறைந்த கருவியாக இருந்தால் மட்டும், பழுதான நிலையில் மலிவாக வரும் இன்னொன்றை வாங்கி வைப்பதில் அர்த்தமுண்டு.

இவ்வளவு தலைவலிக்குப் பதில் மென்பொருள் சிந்தசைசரே போதாதா?

ஒலி மட்டும் போதுமென்றால் பலருக்குப் போதும். டிஜிட்டல் கருவிகளில் இது இன்னும் உண்மை. ஆக்சஸ் வைரஸ் போன்றவை ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் மோட்டோரோலாவின் டிஎஸ்பி56300 வகைச் சிப்பில் இயங்கியவை. அந்தச் சிப்பையே கணினியில் போலச்செய்து, கருவியின் மூல நிரலை அதன்மீது ஓட்டும் மென்பொருளை ஆர்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். மூல நிரலைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய கேள்வி தனி. அனலாக் கருவிக்கு இப்படி ஓட்ட நிரல் எதுவும் இல்லை. அதன் சுற்றைக் கணக்காக்கி நெருங்கத்தான் முடியும்.

ஆனால் ஆதரவு நின்றுபோகும் சிக்கலிலிருந்து தப்பிக்க மென்பொருளுக்குப் போகிறீர்கள் என்றால், கேட்டலினா பற்றிச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். கைவிடப்பட்ட ஹார்டுவேரைச் சாலிடர் தெரிந்த ஒருவர் திறந்து பார்க்கலாம். உரிமம் சரிபார்க்கும் சர்வர் அணைந்துபோன மென்பொருளில் திறந்து பார்க்க ஒன்றுமே இருக்காது.